அலையில்லாத தண்ணீர்

என் கணவர் வல்வெட்டித்துறையில் கடற்றொழில் செய்பவர். போன வருடம் குடும்பமாக மலைநாட்டுக்குப் போனபோது, அங்கே ஓர் ஏரியில் ஜெட் படகில் ஏறினோம். படகோட்டி எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி தந்தார். இவர் மட்டும் அதை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். படகோட்டி சொல்லியும் கேட்கவில்லை.

"கடலிலை நிக்கிற எனக்கு உந்தக் குளத்திலை சட்டையோ?" என்றார். நானும் சிரித்தேன்.

நடு ஏரியில் படகு வேகத்தோடு சுழன்று திரும்பியது. சந்தோசத்தில் கத்திவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். அங்கி மட்டும் கிடந்தது.

தூரத்தில் இவருடைய தலை தெரிந்தது. நீந்தி வருவார் என்றே நினைத்தேன். ஆனால் கை அசையவில்லை, வாய்தான் திறந்து திறந்து மூடியது. படகோட்டி மிதவை வளையத்தை வீசி இழுத்தெடுத்தார்.

"உப்புத்தண்ணி ஆளைத் தூக்குமப்பா. இது குளிரிலை விறைக்கப்பண்ணி இழுக்குது" என்றார் இவர், கரையில் நடுங்கிக்கொண்டு.

ஊரில் கடலுக்கென்று வாங்கிய அங்கியை இவ்வளவு காலமும் தன் படகில் தலையணையாகத்தான் வைத்திருந்தார். இப்போது தொழிலுக்குப் புறப்படும்போது நானே அதை இவருக்குப் போட்டு, வார்களை இறுக்கிவிடுகிறேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார்.