அக்காவின் மலைக்கு வந்த யுத்தம்

தூரத்து நாடுகள் இரண்டு அடித்துக்கொண்டால் எங்கள் தேயிலைக்கு விலை ஏறும், விலை ஏறினால் அக்காவின் சம்பளமும் ஏறும் என்று நான் நம்பினேன். மலைநாட்டுக் கொட்டகலையில் திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன் நான். சவாரி இல்லாத நேரத்தில் உலகத்தை நிர்வகிப்பது எங்கள் ஸ்டாண்டின் வழக்கம். யுத்தச் செய்தி வந்த அன்றே தோட்டத்துக்குப் போய், தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வெடி போட்டா தொண்ட காயும்லக்கா. சண்ட போடுறவன் பூரா தேத்தண்ணி குடிப்பான்."

"குடிக்கட்டும். மொதல்ல ரெண்டு மூட்ட உரத்த அனுப்பச் சொல்லு" என்றாள் அக்கா, கத்தியை நிறுத்தாமல்.

அவள் சிரிக்கவில்லை. உரம் காணாத செடிகளில் கொழுந்து அருகிப்போயிருந்தது. எடை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான். அதனால் பெண்கள் எட்டமான மேல்மலைக்கு ஏற வேண்டியதாயிற்று. அங்கே புல் வெட்ட ஆள் போட்டு மாதக்கணக்காகியிருந்தது. தேயிலையும் காடும் ஒன்றாகி, உள்ளே குளவிகள் குடியேறிவிட்டன. குளவி என்றால் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம்.

"அந்த மலைக்குப் போகவே பயமாருக்கு தம்பி."

"ஒன் வாய்க்குக் குளவியே பயப்படும், போக்கா" என்றேன்.

பிறகு ஊரில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது எனக்கும் பயம் பிடித்தது. அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில், மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரி வாங்கிச் சேர்த்தேன். பெற்றோலைப் போத்தலில் அடைத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டு, வீட்டில் யாரையும் தீக்குச்சி உரச விடவில்லை. கடைசியில் எந்தப் பெற்றோல் செட்டுக்கு எண்ணெய் வந்திருக்கிறது என்று தேடி ஓடியே அந்தப் பெற்றோலையும் தீர்த்தேன்.

இன்று செட்டில் வரிசை இல்லை. ஸ்டாண்டில் உட்கார்ந்து பழைய கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன். நோய் வந்து உலகத்தை அடைத்தபோது மலை ஏற நல்லதண்ணிக்கு வரும் வெள்ளைக்காரர்களின் வரவு நின்றது. என் சவாரி பறிபோனது என்றுதான் நினைத்தேன். நாட்டின் டொலர் வரவும் பறிபோனது என்று நினைக்கவில்லை. அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்தது. தடையை எடுத்தபோது வாங்க டொலர் இல்லை. யுத்தம் வந்து எண்ணெயையும் உரத்தையும் எட்டாத உயரத்துக்குத் தூக்கியது. ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியாக என் கைபேசிக்குள் வந்தது. எல்லாம் ஒரே பாதையில் எங்கள் தோட்டத்துக்கு ஏறி வருவதை, உலகத்தையே நிர்வகித்த நான் பார்க்கவில்லை.

அந்தத் தட்டுப்பாட்டு நாட்களில், நான் பெற்றோல் வரிசையில் நின்றிருந்த ஒரு காலையில் அக்காவின் மகள் எனக்குப் போன் பண்ணினாள்.

"மாமா, அம்மாவக் குளவி கொட்டிருச்சு. மூச்சு வாங்குது. கொழுந்து லொறிக்கு டீசல் இல்லயாம். கம்பளியில தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வாறோம், வாங்க மாமா."

என் வண்டியில் ஒரு சொட்டு இல்லை. முன்னால் நின்றவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். மோட்டார் சைக்கிளோடு நின்ற ஒரு சிங்களப் பெரியவர், தன் தாங்கியில் கிடந்த மிச்சத்தை ஒரு குழாயால் உறிஞ்சி எனக்குத் தந்தார். காசு வாங்கவில்லை. "போ மல்லி, போ" என்றார், தம்பி என்பதைத் தன் மொழியில் சொல்லி. வண்டியைத் தோட்டப் பாதையில் முடுக்கினேன்.

கோயில் வளைவில் அவர்கள் எதிரே வந்தார்கள். கம்பளியின் நான்கு முனைகளையும் பிடித்திருந்த ஆண்கள் என் வண்டியைப் பார்த்தும் ஓடி வரவில்லை. நடந்தே வந்து பாதையோரத்தில் கம்பளியை இறக்கி வைத்தார்கள். அக்கா இறந்துபோயிருந்தாள்.