வாசல் சுவரில் ஒரு சாக்பீஸ் எழுத்து

காலை ஏழு பத்துக்கு என் நாலு வயது மகள் கட்டிலிலிருந்து இறங்கினாள். இறங்கிய இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, "எழுந்து வாடி, வேன் வந்துடும்" என்று அதட்டினேன். "காலு வரலம்மா" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியபோது, சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த ஆங்கில 'பி' கண்ணில் பட்டது. இந்த வீட்டுப் பிள்ளைக்குப் போலியோ சொட்டு மருந்து போட்டாயிற்று என்பதற்கு நர்சம்மா இட்ட அடையாளம் அது. போடவில்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

மூன்று வாரங்களுக்கு முன், முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குச் சளி இருந்தது. சொட்டு மருந்தைப் பற்றிக் கைப்பேசியில் யாரோ அனுப்பிய ஒரு செய்தியும் என்னைப் பயமுறுத்தியிருந்தது. பட்டம் வாங்கிய நான் அதை நம்பினேன். மறுநாள் விடுபட்ட பிள்ளைகளைத் தேடி நர்சம்மா தெருவுக்குள் வருவதைப் பார்த்ததும், மருந்து போட்ட பிள்ளைகளுக்கு முகாமில் வைப்பதுபோல, மகளின் இடது சுண்டுவிரல் நகத்தில் கறுப்பு மார்க்கரால் நானே மை வைத்தேன். அவர் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். "உங்க வூட்ல இன்னாங்க சந்தேகம்" என்று சிரித்து, எழுதிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரான நைனார்பாளையத்துக்கு வருவதற்கு முன் அவர் வெள்ளிமலைப் பக்கம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். ஜீப் போகாத ஊர்களுக்கு, சொட்டு மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாராம். "மலையில ஒரு புள்ள வுட்டுப்போனா உலகத்துக்கே வுட்டுப்போன மாதிரி" என்பார். பெரிய பேச்சு என்று மனத்துக்குள் சிரித்திருக்கிறேன்.

மகளுக்குக் கால் வரவில்லை என்று கேள்விப்பட்டதும், கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு நர்சம்மாவும் எங்களோடு வந்தார். கடைசியாக எப்போது சொட்டு மருந்து போட்டது என்று மருத்துவர் கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன் அவரே பதில் சொன்னார்: "போன முகாம்ல போட்டாச்சு சார். வெரல்ல மையை நானே பாத்தேன். படிச்சவங்க வூடு." மருத்துவர் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

எழுதியபடியே மருத்துவர் விளக்கினார். பிள்ளையின் மலத்தை இரண்டு நாள் எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த நாட்டில் எந்தப் பிள்ளைக்குத் திடீரென்று கால் துவண்டாலும் இதே முறைதானாம். எல்லையில் சுட்டுக்கொள்ளும் நாடுகள்கூட இந்தக் கணக்கை மட்டும் ஒன்றுக்கொன்று மறைப்பதில்லையாம். "ஒருத்தர் மறைச்சாலும் எல்லார் புள்ளைங்களுக்கும் ஆபத்துங்க" என்றார். நான் மகளின் சுண்டுவிரலை என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டாவது மாதிரியை வாங்க நர்சம்மா வந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினார். "வாங்க. சார்கிட்ட நீங்களே சொல்லுங்க. அந்தத் தாளு போறதுக்குள்ள மாத்தணும்" என்றார். அவருக்கு மேலிடத்திலிருந்து எழுத்தில் கண்டனம் வந்ததைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

போலியோ இல்லை, நரம்பைத் தாக்கும் வேறொரு நோய் என்று முடிவு வந்தது. மகள் இப்போது நடக்கிறாள். களைத்தால் மட்டும் இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், என் பொய்யால் வந்ததல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நெஞ்சு ஆறுவதில்லை.

இனி சொட்டு மருந்து போடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஒரு காலையில் நர்சம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். இம்முறை கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். மகளின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, நகத்தில் மை வைத்து, அது காயும்வரை விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய எழுத்தை ஈரத்துணியால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மன்னிப்புக் கேட்க நான் வாய் எடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"மலையில ஒவ்வொரு புள்ள வெரலையும் தொட்டுத் தேச்சிப் பாத்துருக்கேன். உங்க வூட்ல மட்டும் வெளியிலேர்ந்தே பாத்துட்டுப் போயிட்டேன். அந்தத் தப்பு என்னுதுங்க."