டிஸ்பென்சரிப் பின்சுவரில் இருந்த பெட்டி

எங்கள் தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியின் பின்சுவரில் ஒரு மரப்பெட்டி மாட்டியிருந்தார்கள். அதற்குள் நிரோத் ஆணுறைப் பாக்கெட்டுகள் இருக்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஃபேக்டரிக்குப் போகும் குறுக்குப்பாதை அந்தச் சுவரை ஒட்டித்தான் போகிறது. நடந்தபடியே கையை விட்டு எடுத்து ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொள்வேன். கடையில் அரைக் கிலோ சர்க்கரை கேட்கவே மற்றவர்கள் போகட்டும் என்று நிற்கிறவன் நான். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் நிரோத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

எனக்கு அது தேவையாக இருந்தது. இரண்டாவது பிரசவத்தில் என் மனைவிக்கு ரத்தம் நிற்கவில்லை. கொழுந்து லாரியில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோனோம். இன்னொரு பிரசவம் என்றால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். உடம்பு தேறியதும் ஆபரேஷனுக்கு வரச் சொன்னார். அவளுக்குக் கத்தி என்றால் பயம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டேன்.

பிறகு புதுக் கம்பவுண்டர் வந்தார். சாரலில் நனைந்து பாக்கெட்டுகள் வீணாகின்றன என்று பெட்டியைக் கழற்றி உள்ளே மேஜைமேல் வைத்தார். இனிப் பெயரும் லைன் வீட்டு நம்பரும் சொல்லித்தான் வாங்க வேண்டும். எதிர் பெஞ்சில் மருந்துக்கு வந்த பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

ரோலர் மிஷினில் என்னோடு வேலை செய்தவன் பக்கத்து வீட்டுக்காரன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். உன் பெயரில் எனக்கும் சேர்த்து வாங்கி வா என்று அவனிடம் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வாங்கி வந்தான். டீ நேரத்தில் மிஷின் நின்றதும் எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணனுக்கு இது பத்தாதுங்கறாரப்பா. தொரைகிட்டச் சொல்லி லாரியிலதான் எறக்கோணும்."

"ஆளு வாயத் தொறக்கறதில்ல. வேல மட்டும் நடக்குது" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பாக்கெட்டுகளை வாங்கிக்கொள்ளவில்லை.

டிஸ்பென்சரிக்குப் பாக்கெட் இன்னும் வரவில்லை என்று வீட்டில் சொன்னேன். அவள் நம்பினாள். "வந்துருச்சுங்களா?" என்று அவ்வப்போது கேட்பாள். இல்லை என்பேன். கரு தங்காத நாளாகப் பார்த்து இருந்தோம். சில நாள் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரன் அவளிடமே கேட்டுவிட்டான். "ஏனுங்க அண்ணி, அண்ணன் எம்மேல கோவிச்சுட்டாருங்களா? டிஸ்பென்சரியில மேஜை நெறையக் கெடக்குது, கேக்கத்தான் ஆளில்ல."

அவள் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

"எனக்கு நாள் தள்ளிப்போயிருக்குதுங்க."

ஃபேக்டரியில் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"அவங்க சிரிச்சதுக்கு நான் சாகோணுமுங்களா?"

கலைத்துவிட்டு அப்படியே ஆபரேஷனும் செய்துகொள்வது என்று அவளே முடிவு செய்தாள். கத்திக்குப் பயந்தவள். நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க அங்க வந்தும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டீங்க. புள்ளைகளப் பாத்துக்கங்க."

பக்கத்து வீட்டுக்காரனும் அவன் மனைவியும் துணைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் விசாரித்து, சீட்டு வாங்கி, ஓடியாடியதெல்லாம் அவன்தான் என்று பின்னால் தெரிந்தது. அப்படியும் அவனோடு எனக்குப் பேச்சு வரவில்லை. நம்பிக் கேட்டதைக் கூட்டத்தில் போட்டு உடைத்தவன் அவன். அது துரோகம்தான். நான் அவளுக்குச் செய்ததற்கு வேறு பெயர் இருக்கிறதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

அவர்கள் திரும்பிய அன்று பிள்ளைகளோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அவன் முதலில் இறங்கினான். அடுத்து அவள், முகம் வெளுத்து, படியில் நின்றாள். நான் கையை நீட்டினேன். பையை என் கையில் கொடுத்துவிட்டு, அவன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.