அம்மாவின் கைக்கு ஒரு செம்புக் காப்பு

"எனக்கு சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா ஒவ்வொரு முறையும் வீட்டை விட்டுக் கிளம்புவாள்.

முப்பது வருடம் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் சமையலறையில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. மறதி நோய் வந்த பிறகு எங்கள் பெயர்கள் போயின, அப்பா இறந்துபோனது மறந்தது. அந்த வேலை மட்டும் அவளிடம் திரும்பி வந்துவிட்டது. வெள்ளனே எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பிள்ளைக பசியோட கெடக்கும்" என்று கதவைத் திறப்பாள். அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் சாலைதான். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது.

அவளைப் பார்த்துக்கொள்வதற்காக, ஏரிப்பக்கம் ஒரு ஹோட்டலில் நான் பார்த்துவந்த ரிசப்ஷன் வேலையை விட்டேன். நாள் முழுக்க ஆட்களோடு பேசி, நின்றே பழகிய எனக்கு ஒரு கதவைக் காவல் காப்பது தாங்கவில்லை. அவள் எழுந்தால் நானும் எழுவேன். அவள் ஜன்னலுக்குப் போனால் நானும் போவேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் ஓயாமல் நடந்துகொண்டிருந்தோம்.

முதல்முறை காணாமல் போனபோது பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தாள். "போன் நம்பரை அவங்க மேலேயே இருக்கற மாதிரி செய்யுங்க" என்றார் மருத்துவர். திருப்பூரில் இருக்கும் என் தம்பி நம்பர் எழுதிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று வாங்கி அனுப்பினான். அம்மா அதை அரிவாள்மணையில் வைத்து அறுத்துவிட்டாள்.

"நான் என்ன ஆடா? வில்லை மாட்டி விடுறதுக்கு?"

அடுத்து வந்த எவர்சில்வர் வில்லை சங்கிலியோடு சாக்கடைக்குப் போனது. ஆனால் பழனி அடிவாரத்தில் என்றோ வாங்கிய செம்புக் காப்பை மட்டும் அவள் கழற்றியதே இல்லை. அது நகை. போன் எண்ணையும் நகையாக்கிக் கொடுத்தால் போட்டுக்கொள்வாள் என்று அப்போதுதான் தோன்றியது.

போனில் தேடியபோது ஒரு வீடியோவில் ஒரு பெண் சின்னச் சுத்தியலால் செம்புப் பட்டையில் பூக்களை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி, ஒரு பூ. இதென்ன பெரிய வித்தை என்று அன்றைக்கே அச்சுகளை வரவழைக்கப் பணம் கட்டினேன். விரல் நீளத்தில் எஃகுத் துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் பூ, இலை, நட்சத்திரம், பிறை, சுழி. எண்களுக்குத் தனிப் பெட்டி.

பஜாரில் இரும்புக்கடை பாயிடம் சுத்தியல் கேட்டேன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே.

"என்ன சோலிக்கும்மா?"

"பூ அடிக்க, பாய்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விளக்கிச் சொன்னதும் உள்ளே போய், கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த தண்டவாளத் துண்டைத் தூக்கிவந்து வைத்தார். "அடியில இது இல்லைன்னா பூ விழுகாது. அலுமினியத் துண்டும் போட்டுத் தாரேன், அடிச்சுப் பழகுங்க. எடுத்ததும் செம்பைக் கெடுக்காதீங்க."

முதல் நாள் ஒரு பூகூட உருப்படியாக விழவில்லை. சாப்பாட்டு மேசைமேல் வைத்து அடித்ததில் மேசை துள்ளியது, அச்சு நகர்ந்தது, பூவுக்குப் பக்கத்தில் அதே பூ மங்கலாக இன்னொன்று விழுந்தது. சரியாகப் பதியவில்லையே என்று மறுபடி அடித்தால் மூன்றாவது பூ. அச்சு சற்றே சாய்ந்தாலும் பாதி இதழ்தான் விழும். தரைக்கு மாறினேன். தண்டவாளத்துக்கு அடியில் மடித்த சாக்கு. தகடு நகராமல் ஓரங்களில் டேப். அப்படியும் பிறை பல்லி மாதிரி விழுந்தது.

கோளாறு சுத்தியலில் இல்லை, என்னிடம்தான் என்று புரிய நான்கைந்து நாளாயிற்று. அச்சை வைத்து, அது தகட்டில் முழுக்க உட்கார்ந்துவிட்டதா என்று விரலால் உணர வேண்டும். பிறகுதான் அடி. எனக்கோ அந்த ஒரு நொடி பொறுக்கவில்லை. காது கதவிலேயே இருந்தது. தாழ்ப்பாள் அசைந்தாலும் அசையாவிட்டாலும் கை முந்திக்கொண்டது. கட்டைவிரலில் அடிபட்டு நகம் கறுத்தது. சுத்தியலை வீசிவிட்டு அழுதேன். பிறகு நானே எழுந்துபோய் அதை எடுத்துவந்தேன்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு நாள் அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள். அச்சுகளை அரிசியில் கல் பொறுக்குவதுபோல் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இலை அச்சு அடித்த இடத்தைத் தடவினாள்.

"கொத்தமல்லி."

"இலைம்மா."

"கொத்தமல்லிங்கறேன். இதையே போடு."

பத்து அடி வரைக்கும் பார்த்திருப்பாள். பிறகு, "சரி, எனக்கு சோலி கெடக்கு" என்று எழுந்துவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

செம்புக்கு வந்ததும் புதுக் கவலை. பின்பக்கம் எண்ணை அடித்துவிட்டு முன்பக்கம் இலையை அடித்தால், அடியிலிருக்கும் எண் நசுங்கிப் போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், ஓர் எண், ஓர் இலை, ஓர் எண், ஓர் இலை என்று கோத்தேன். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போனால்தான் வரிசை ஓரத்தில் இடிக்காது. முதல் பட்டை பிரமாதமாக வந்தது. படித்துப் பார்த்தால் ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. அச்சைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். இரண்டாவதில் ஒவ்வோர் அடிக்கும் முன் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். பள்ளங்களில் கறுப்பு மார்க்கரைத் தேய்த்துத் துடைத்தேன். ஓரங்களை அரத்தால் மழுக்கி, பூரிக்கட்டையில் சுற்றி வளைத்தேன்.

அம்மா அதைப் பழைய காப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு குடுத்தா?"

"நாந்தாம்மா செஞ்சேன்."

"பொய் சொல்லாத புள்ள."

மூன்று வாரம் கழித்து, கேஸ் சிலிண்டரைப் பின்பக்கம் இறக்கிவைக்கும் நேரத்தில் அம்மா போய்விட்டாள். பேருந்து நிறுத்தம், பஜார், பழைய பள்ளிக்கூடத்தின் கேட் என்று எல்லா இடத்திலும் பார்த்தேன். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பனி வேறு அடைத்துக்கொண்டு நின்றது. மதியம் தாண்டியது. தம்பியிடம் போனில் கத்தினேன். அவனும் திருப்பிக் கத்தினான். போலீஸ் ஸ்டேஷன் படியேறும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் அடித்தது. கட் பண்ணப் போய், எடுத்துவிட்டேன்.

"அக்கா, காப்புக் கடைங்களா?"

"என்னது?"

"இலை போட்ட செம்புக் காப்பு. நம்பரு அதுலயே அடிச்சிருக்கே, கடை நம்பருதான? இதே மாதிரி எங்களுக்கு நாலு வேணும்."

"அந்தக் காப்பு உங்களுக்கு எப்படிங்க கெடச்சுது?"

"ஒரு அம்மா குடுத்தாங்க. பூண்டி ஊருல பஸ்ஸ விட்டு எறங்கி வந்து எங்களோட பூண்டு ஆய்ஞ்சுக்கிட்டிருக்காங்க. டீ வாங்கிக் குடுத்தேன், கழட்டிக் கையில மாட்டி விட்டுட்டாங்க."

"அது எங்கம்மா" என்றேன். "நான் வர்ற வரைக்கும் அவங்கள விட்டுடாதீங்க."

ஜீப் பிடித்துப் போனேன். வளைவுகள் முடியவே முடியாது போலிருந்தது. பூண்டியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நான்கு பெண்களுக்கு நடுவில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பூண்டுத் தண்டை நறுக்கி நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரையும்விட வேகமாக. வீட்டில் நான் பார்க்காத நிதானம் அவள் முகத்தில் இருந்தது. என்னைக் கண்டதும், "வெரசா வா, எவ்வளவு கெடக்கு பாரு" என்றாள்.

போன் செய்த பெண் காப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"குடுத்தத வாங்குவியா? வெக்கமா இல்ல?"

நான் வாங்கிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பூண்டு ஆய்ந்தேன். திரும்பும்போது அம்மா மடியில் ஒரு பை பூண்டு இருந்தது. வீடு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் தண்டவாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்த காப்பைத் தொடங்கினேன். அச்சு தகட்டில் முழுக்க உட்காரும்வரை விரலால் உணர்ந்தபடி காத்திருந்தேன். காத்திருக்க முடிந்தது.

இப்போது காலையில் அம்மாவோடு நானே வெளியே நடந்துவிடுகிறேன், கதவை மறிப்பதில்லை. வீட்டுக்குப் பூண்டு மூட்டை வாங்கிப் போட்டிருக்கிறேன். அவள் ஆய்வாள், நான் அடிப்பேன். இது சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. பூண்டிப் பெண்களுக்கு எண் இல்லாமல் இலை மட்டும் போட்டு நான்கு காப்புகள் செய்து அனுப்பினேன். அம்மா இதுவரை எண் போட்ட மூன்று காப்புகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அதனால் அவள் பக்கத்திலேயே இருக்கும்போதுகூட, தெரியாத எண்ணிலிருந்து போன் அடித்தால் எனக்கு முதலில் அவள் இருக்கும் பக்கம்தான் கண் போகும்.