தெர்மாமீட்டரில் மூன்று கோடுகள்

1986-ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று, செஞ்சியில் எங்கள் ஆறு வயது மகளுக்குக் கடும் காய்ச்சல். நூற்றிரண்டரையைத் தாண்டினால் உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோகும்படி டாக்டர் சொல்லியிருந்தார். மாலையில் என் கணவர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். நூற்றிரண்டுக்கு மேல் மூன்று கோடு.

“பாயிண்ட் மூணுதான் இருக்குது. அரைக்கு இன்னும் ரெண்டு கோடு பாக்கி.”

“ஒடம்பு கொதிக்குதுங்க. கெளம்பலாம்.”

“உன் கை இன்னா, தெர்மாமீட்டரா? அமாவாசைன்னு பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போவுது. காலையில பாக்கலாம்.”

விடிவதற்குள் வலிப்பு வந்தது. புதுச்சேரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். எங்கள் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்த நர்ஸ் சொன்னார்: “ஒரு டிகிரியை அஞ்சாத்தானே பிரிச்சிருக்குது? ஒரு கோடு பாயிண்ட் ரெண்டும்மா. மூணு கோடுன்னா பாயிண்ட் ஆறு.”

என் கணவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. அவர் பிடிக்கும் மீட்டர் கோலில் எல்லாம் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கும். இதையும் அப்படியே எண்ணிவிட்டார்.

மகள் பிழைத்தாள். காது போய்விட்டது. முந்தின நாளே வந்திருந்தால் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. பதிலைத் தாங்க முடியாது.

இப்போது எந்த அளவுகோலைக் கையில் எடுத்தாலும், இரண்டு எண்களுக்கு நடுவே எத்தனை பிரிவு என்றுதான் முதலில் எண்ணுகிறேன். மகளுக்கும் கற்றுக்கொடுத்தேன். அவள் விரலைப் பிடித்துக் கோடு கோடாக நகர்த்தித்தான் காட்ட முடிந்தது.