அண்ணனுக்காகக் கதைத்தவள்

துபாய் அல் குசைஸில் ஒரு லாண்டரியில் அரபிகளின் வெள்ளைக் கந்தூரா அங்கிகளை அயன் பண்ணுவதுதான் நாகஜோதியின் வேலை. முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண். போர் முடிந்தபோது அவளுடைய ஊர்க் காணிகள் எல்லாம் ராணுவ முகாமுக்குள் போய்விட்டன. ஊர்ச்சனம் பக்கத்துக் கிராமத்தில் தகரக் கொட்டில்களில் ஒதுங்கியது. அவள் விமானம் ஏறினாள்.

வெளிநாட்டில் இருப்பவளின் பேச்சுக்கு ஊரில் தனி மதிப்பு. வெள்ளிக்கிழமை அவள் அழைத்தால், ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்ணான பானுமதியின் தாய் போனை ஸ்பீக்கரில் போட்டு, அயலட்டத்தையே கூப்பிட்டு இருத்திவிடுவாள். "ஜோதி சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்பார்கள்.

2013இல் வடக்கு மாகாண சபைத் தேர்தல் வந்தது. இனச் சண்டையை நிறுத்தவென்று இந்தியாவும் இலங்கையும் முன்னொரு காலம் செய்த ஒப்பந்தத்தால் பிறந்த சபை அது. தமிழர் தங்கள் மண்ணைத் தாங்களே ஆளலாம் என்று சனம் நம்பியது. நாகஜோதியின் அண்ணன் தியாகு வேட்பாளராக நின்றார்.

"தங்கச்சி, நான் வென்றால் முதல் வேலை எங்கட காணிதான். சனத்துக்கு நீ ஒருக்காச் சொல்லு."

அவள் சொன்னாள். கடையின் பின்புறம் நின்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். "அண்ணை கட்டாயம் செய்வார். அதுக்கு நான் பொறுப்பு." பொறுப்பேற்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. அண்ணன்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தியாகு வென்றார். சபை கூடியது, தீர்மானங்கள் போட்டது, காலமும் முடிந்தது. காணி வரவில்லை. அதற்குப் பிறகு தேர்தலும் வைக்கவில்லை. தியாகு வவுனியா டவுனில் மாடிவீடு கட்டினார். பானுமதியின் தாய் கொட்டிலிலேயே செத்துப்போனாள்.

பானுமதியும் துபாய்க்கு வந்து நாகஜோதியின் அறையிலேயே தங்கினாள். வந்த அன்றே ஒன்று சொன்னாள்.

"அம்மா கடைசியா உங்களைத்தான் கேட்டவ அக்கா. ஜோதி தான் பொறுப்பெண்டு சொன்னவளெல்லோ, காணி என்னவாம் எண்டு."

அவள் கத்தவில்லை. ஆனால் சமையலைத் தனியாக வைத்துக்கொண்டாள்.

இப்போது தேர்தல் வரும் என்ற கதை மறுபடி கிளம்பியிருக்கிறது. தியாகு அழைத்தார்.

"தங்கச்சி, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில ஒரு வொய்ஸ் போடு. உன்ர குரலுக்குத்தான் சனம் மசியும்."

"காணி?"

"சபைக்கு ஏதடி காணி அதிகாரம்? அதைக் கொழும்பு எங்க விட்டது?"

"இது அப்பவே தெரியுமோ அண்ணை?"

"தெரியாமலே? அதைச் சொல்லி ஆர் வோட்டுக் கேக்கிறது?" அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது. கொழும்பு ஏமாற்றும் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். கூடப்பிறந்தவனே அவளுடைய குரலை வாங்கிச் சொந்தச் சனத்தையே ஏமாற்றுவான் என்று அவளுக்குத் தெரியாது.

"சரி, போடுறன்" என்று வைத்தாள்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பானுமதி நிமிர்ந்தாள். "திரும்பவும் உங்கட அண்ணருக்கோ? வெக்கமில்லையோ?"

"இரு. கேள்."

நாகஜோதி போனை வாயருகே பிடித்தாள். "நான் ஜோதி கதைக்கிறன். சபையால காணி எடுக்கேலாதெண்டு அண்ணைக்கு முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் என்னைக் கதைக்க வைச்சவர். இனி அவருக்கு நான் பொறுப்பில்லை. வோட்டுக் கேட்டு வந்தால் இதைப் போட்டுக் காட்டுங்கோ."

அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தியாகு. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"அம்மா உயிரோட இருக்கேக்க இதைச் சொல்லியிருக்கலாம்" என்றாள் பானுமதி.