அப்பா பிரித்த கூரை

அது 1979 ஆகத்தான் இருக்க வேண்டும். சித்தப்பா 1978 என்பார். நான் அப்போது நான்காம் வகுப்பு. சாமை அறுத்துக் களத்துக்கு வந்திருந்தது. தம்பி தவழத் தொடங்கவில்லை. தம்பியின் பிறந்த ஆண்டைப் பள்ளியில் தவறாக எழுதிவிட்டார்கள் என்பதால் அவனை நான் சாட்சியாகக் கொள்வதில்லை. மற்ற இரண்டையும் வைத்துப் பார்த்தால் 1979, ஐப்பசி.

மலையில் புதூர்நாட்டுக்கு அப்பால், ஜீப் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே எங்கள் வீடு. மண்சுவர், மூங்கில் வாரைகள், மேலே மஞ்சம்புல் கூரை. அன்று காலை கீழேயிருந்து புளி வியாபாரி வந்தார். ஆண்டுதோறும் எங்கள் மரத்துப் புளியை வாங்குகிறவர்தான். வந்தால் அம்மாவிடம் மோர் கேட்டுக் குடிப்பார். அன்று மோர் கேட்கவில்லை. கடப்பாரை, கோடரியுடன் ஆறேழு ஆட்கள் அவர் பின்னால் நின்றார்கள். நிலத்தைத் தான் வாங்கிவிட்டதாகவும் உடனே காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

"யார்கிட்டங்க வாங்கினீங்க? எங்க தாத்தா காலத்துலேர்ந்து நாங்கதானே இருக்கறோம்" என்றார் அப்பா.

"அதெல்லாம் ஒனக்கு இன்னாத்துக்கு? கோர்ட்டு ஆர்டரு இருக்குது."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பையில் பீடிக்கட்டின் வடிவம்தான் தெரிந்தது. கோர்ட்டு ஆர்டர் அந்த வடிவத்தில்தான் இருக்கும் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியவர்களும் வேறு எதுவும் நினைத்ததாகத் தெரியவில்லை. எடுத்துக் காட்டுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "சோறு வேவுது. நான் எய்ந்திருக்க மாட்டேன்" என்றாள். ஒருவன் பின்சுவரில் கடப்பாரையைப் போட்டான். மண் பெயர்ந்து உலையில் விழுந்தது. "வெளிய வந்துடும்மா, தலையில வுயுந்தா எங்கமேல பழி சொல்லாத" என்று சிரித்தான் இன்னொருவன்.

எங்கள் மலையில் வீடு மாறினால் கூரையும் கூடவே போகும். வாரைக்கு ஏற்ற மூங்கில் சேர்க்க இரண்டு மூன்று கோடைகள் ஆகும். ஆகவே வாரைகளை நோக்கிக் கோடரி ஓங்கியதும் அப்பா கைகூப்பிவிட்டார். "வெட்டாதீங்க சாமி. நானே பிரிச்சிக்கிறேன்."

வியாபாரியின் முகம் மலர்ந்தது. "பாத்துக்கங்கடா, இவன்தான் மனுசன்!" ஆட்கள் எங்கள் சாமைப் போரில் சாய்ந்து பீடி பற்றவைத்தார்கள். அப்பா மேலே ஏறி, கற்றாழை நார் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, வாரைகளை இறக்கித் தந்தார். நான் கீழே நின்று வாங்கினேன். வானம் தெரிந்த பிறகுதான் அம்மா எழுந்தாள்.

ஆலங்காயம் போயிருந்த சித்தப்பா மாலையில் வந்தார். குடும்பத்தில் பத்தாவது வரை படித்தவர் அவர்தான். "ஆர்டர கண்ணால பாத்தியாண்ணா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் அம்மா தம்பியோடு மாமா வீட்டுக்குப் போனாள். அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று அழுத என்னையும் கூட்டிக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் கீழே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

சித்தப்பா நன்றாகத்தான் சொன்னார். ஆர்டர் எதுவும் காட்டவில்லை, கூட்டமாக வந்தார்கள், கைக்குழந்தையோடு பெண் உள்ளே இருக்கும்போதே சுவரை இடித்தார்கள் என்றார். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து அப்பாவைப் பார்த்தார்.

"கூரைய எறக்கினது யாரு?"

"நான்தாங்க."

"அவன் ஆளுங்க எவனாவது மேல ஏறினானா?"

"ஏறவே வுடலீங்க. ஒரு வாரை ஒடியலீங்க." அப்பாவின் குரலில் கொஞ்சம் பெருமையே இருந்தது.

பேனா மூடிக்கொண்டது. "ஒன் வூட்ட நீயே பிரிச்சிட்டு அவன்மேல கேசு குடுக்கிறியா? சொவுத்துல ஓட்டைன்னா, மழையில வுயுந்துதுன்னு அவன் சொல்லுவான். போய்ட்டு வா, போ."

பின்னாளில் சட்டப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். நிலம் வியாபாரியுடையதாகவே இருந்தாலும், குடியிருப்பவர்களை நீதிமன்ற உத்தரவில்லாமல் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. அத்துமீறி நுழைந்தது குற்றம், மிரட்டியது குற்றம், இடித்தது குற்றம். பயத்தில் கொடுத்த சம்மதம் சம்மதமே ஆகாது என்றும் எழுதியிருக்கிறது. எழுதி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்த ஸ்டேஷன் அலமாரியிலும் ஒரு பிரதி இருந்திருக்கும். வியாபாரிமேல் கடைசிவரை எந்த வழக்கும் இல்லை. அடுத்த ஆண்டு எங்கள் மரத்துப் புளியை அவரே உலுக்கிக்கொண்டார்.

அன்று ஸ்டேஷனிலிருந்து திரும்பி மலை ஏறும்போது பாதி வழியில் சித்தப்பா வெடித்தார். "ஒடைக்க வுட்டிருக்கணும்ண்ணா! அவனுங்க கையால வெட்டிச் சாய்ச்சிருந்தா இன்னிக்கி அவன் ஜெயில்ல இருப்பான்."

எனக்குச் சித்தப்பாமேல் ஆத்திரம் பொங்கியது. சொந்த அண்ணன் வீட்டை உடைக்க விட்டிருக்க வேண்டும் என்று சொல்கிறவர் எப்படிப்பட்ட மனிதர்? அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்: "நீ செஞ்சதுதாம்பா சரி."

அப்பா கையை உருவிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தார். அவர் என்மேல் ஏன் கோபித்துக்கொண்டார் என்று எனக்கு விளங்கவில்லை.